எல்.எஸ். ஸ்பைன் சி.டி.: எலும்புக்கென்றால் கொடுத்த காசு வீணில்லை, நரம்புக்கென்றால் யோசியுங்கள்

ஸ்கேன் சென்டர் விலைப்பட்டியலில் ‘சி.டி. எல்.எஸ். ஸ்பைன்’ (எல்.எஸ். ஸ்பைன் என்றால் இடுப்புப் பகுதி முதுகெலும்பு) என்ற வரிக்குச் சற்றுக் கீழே ‘எம்.ஆர்.ஐ. எல்.எஸ். ஸ்பைன்’ இருக்கும். பின்னதன் விலை பல இடங்களில் இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவர், ‘ரெண்டும் ஸ்கேன்தானே, குறைஞ்சதையே எடுத்துடலாம்’ என்று நினைப்பதில் வியப்பில்லை. கவுன்டரில் இருப்பவரும் பெரும்பாலும் தடுக்க மாட்டார். ஆனால் எக்ஸ்-ரே கதிரால் படமெடுக்கும் சி.டி., காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யின் விலை குறைந்த வடிவம் அல்ல, அது வேறு கருவி, வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எலும்பைப் பற்றிக் கேட்டால் அதைவிடத் தெளிவாகப் பேசும் பரிசோதனை கிடையாது. நரம்பைப் பற்றிக் கேட்டால் பாதி உளறும்.

எந்த ஸ்கேனும் தேவைப்படாதவர்கள்தான் அதிகம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பளு தூக்கியதிலோ குனிந்ததிலோ பிடித்துக்கொண்ட சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் தானாகத் தணியும். அபாய அறிகுறி இல்லாதவருக்கு முதல் 6 வாரம் படமே வேண்டாம் என்பதுதான் கதிரியக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல்களும் சொல்வது. அபாய அறிகுறி என்றால்: விழுந்து அடிபட்டது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் ஸ்கேன் பணத்தை அப்படியே வைத்திருக்கலாம்.

ஒரே ஒரு நிலைக்கு மட்டும் சி.டி. பக்கமே போகக் கூடாது. சிறுநீர் வராமல் நின்றுபோவது, ஆசனவாய்ப் பகுதியைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், தண்டுவட நுனியிலிருந்து கீழே தொங்கும் வால் நரம்புக்கற்றை நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு அன்றைக்கே எம்.ஆர்.ஐ., அன்றைக்கே அறுவை சிகிச்சை நிபுணர். சி.டி. எடுத்து ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பினால் இழப்பது சிறுநீர்க் கட்டுப்பாட்டை.

எங்கே முழு மதிப்பெண்

அடிபட்ட முதுகெலும்பில் சி.டி.க்குப் போட்டியே இல்லை. தென்னை, பனை ஏறுகிறவர்கள் விழும்போதும், சாரத்திலிருந்து கொத்தனார் விழும்போதும் வழக்கமாக உடைவது மார்புப் பகுதியின் கடைசி எலும்பான டி12உம் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பான எல்1உம் சேரும் சந்திப்பு. மேலே விலா எலும்புகளால் இறுகிய பகுதி, கீழே அசையும் பகுதி. இரண்டும் சேரும் இடத்தில் விசை முழுவதும் இறங்குகிறது. சாதாரண எக்ஸ்-ரேயில் எலும்பு கொஞ்சம் ஆப்பு வடிவில் சுருங்கியதாக மட்டும் தெரியும். முன்பக்கச் சுவர் மட்டும் நொறுங்கியதா, பின்பக்கச் சுவரும் வெடித்து ஒரு துண்டு தண்டுவடக் குழாய்க்குள் தள்ளிவிட்டதா என்பதை எக்ஸ்-ரே நம்பகமாகச் சொல்லாது. அந்த வித்தியாசத்தில்தான் பெல்ட் போட்டுப் படுக்க வைப்பதா, ஸ்க்ரூ போடுவதா என்ற முடிவு கிடக்கிறது. சி.டி.யில் துண்டு எத்தனை மி.மீ. உள்ளே வந்திருக்கிறது, குழாயில் எவ்வளவு இடம் மிச்சம், பின்பக்க மூட்டுகள் விலகினவா என்பது வரை அளந்து கொடுக்கலாம். ஆனால் உடைந்த எலும்பு புதியதா பழையதா என்பதில் சி.டி. தடுமாறும். மூப்பில் எலும்பு மெலிந்த பாட்டிக்கு மூன்று எலும்புகள் சப்பையாக இருந்தால் இப்போது வலிப்பது எது என்று காட்ட, எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ.தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எலும்பின் பின்வளைவில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் குறுகிய பாலத்தில் விழும் விரிசல். வேகப்பந்து வீசும் பையன்களிடமும் ஜிம்னாஸ்டிக் பழகும் பிள்ளைகளிடமும் அதிகம், பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் கடைசி எலும்பான எல்5இல். வலக்கையால் வீசுகிறவருக்கு வழக்கமாக இடப்பக்கம் விரிசல் விடும். 1 மி.மீ.க்குக் குறைந்த தடிமனில் எடுத்த சி.டி.யில் கோடு தெளிவாகத் தெரிவதோடு, அதன் ஓரங்கள் வெள்ளையாக இறுகியிருக்கிறதா என்பதும் தெரியும். இறுகியிருந்தால் பழைய விரிசல், இனி ஒட்ட வாய்ப்பு குறைவு. ஓரம் கூர்மையாக இருந்தால் ஓய்வு கொடுத்தால் ஒட்டலாம். விரிசல் விழுவதற்கு முந்தைய கட்டத்தை, அதாவது எலும்பு அழுத்தத்தில் நோவதை மட்டும், சி.டி. தவறவிடும். இளம் வயதினருக்குக் கதிரும் கவலை என்பதால் எம்.ஆர்.ஐ.யில் தொடங்கி, ஒட்டியதா என்று பார்க்கும் கட்டத்தில் மட்டும் அந்த ஒரு எலும்புக்குச் சி.டி. எடுப்பது நல்ல பழக்கம்.

முதியவர்களுக்கு வரும் ‘நாலு தெரு நடந்தால் கால் கனக்குது, உட்கார்ந்தால் சரியாகுது’ வகைச் சிக்கலில் சி.டி. பாதிப் பதில் தரும். பின்பக்க மூட்டு தடித்தது, எலும்பு முள் வளர்ந்தது, பின்புறத் தசைநார் சுண்ணாம்பு ஏறியது எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். தண்டுவடக் குழாய் முன்பின்னாக 12 மி.மீ.க்குக் கீழே போனால் குறுகல் என்றும் 10க்குக் கீழே போனால் கடுமையான குறுகல் என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். நரம்பு வெளியேறுவதற்கு முன் படுக்கும் பக்கக் குழி 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். எலும்பால் வந்த குறுகலா, சதையால் வந்ததா என்று அறுவை மருத்துவர் கேட்பார். எதைச் செதுக்குவது என்பது அதைப் பொறுத்தது. சுண்ணாம்பாகிப்போன டிஸ்க்கையும் (எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு), பதின்ம வயதினரிடம் டிஸ்க்கோடு பெயர்ந்து வந்த எலும்பு ஓரத்தையும் எம்.ஆர்.ஐ.யில் வெறும் டிஸ்க் என்றே தவறாகப் படிக்கலாம். இரண்டையும் அடையாளம் காட்டுவது சி.டி.

ஸ்க்ரூ, ராடு போட்டவர்களுக்கு இன்னொரு பயன். ஸ்க்ரூ, எலும்பின் முன்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் காம்புக்குள்ளேயே போயிருக்கிறதா, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கிறதா, ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்து தளர்ந்திருக்கிறதா, இரண்டு எலும்புக்கும் நடுவே பாலம் கட்டியிருக்கிறதா என்ற நாலு கேள்விக்கும் விடை இங்கேதான். 2 மி.மீ. வரை வெளியே வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. அதைத் தாண்டி உட்புறமாக வந்தால், அதுவும் கால் வலியோடு வந்தால், மருத்துவர் கூர்ந்து பார்ப்பார். டைட்டானியம் என்றால் படத்தில் கோடுகள் குறைவு. பழைய ஸ்டீல் என்றால் வெள்ளையும் கறுப்புமாகச் சிதறும். அதற்கு எக்ஸ்-ரே குழாயின் மின்னழுத்தத்தைக் கூட்டி 140 கிலோவோல்ட்டில் எடுப்பது, உலோகக் கோடுகளைக் குறைக்கும் மென்பொருளை ஓட்டுவது என்று வழிகள் உண்டு. ‘ஸ்க்ரூ இருக்கு’ என்று முன்கூட்டியே சொன்னால்தான் டெக்னீஷியன் அந்த முறையைத் தேர்ந்தெடுப்பார்.

முதுகெலும்புக் காசநோயில் எலும்பு துண்டு துண்டாக அரிக்கப்பட்டிருப்பதும், இடுப்புத் தசைக்குள் இறங்கிய சீழ்க்கட்டியின் ஓரத்தில் சுண்ணாம்புத் துகள் இருப்பதும் சி.டி.யில் நன்றாகத் தெரியும். தொற்றை முதலில் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. முந்தும். ஆனால் ஊசி விட்டுச் சதை எடுத்து கிருமிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் சி.டி.யைப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்துவதுதான் நடைமுறை. மருந்து தொடங்குவதற்கு முன் அந்த ஊசி போனால் மருந்து கேட்காத காசநோயா என்பதும் தெரிந்துவிடும்.

நரம்பு விஷயத்தில் ஏன் உளறுகிறது

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 100 சுமார், கெட்டியான எலும்புக்கு 1000க்கும் மேல். இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு என்று பெயர்; 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக இப்படிப் படமெடுக்க வைத்த ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் அது. டிஸ்க் 60 முதல் 100 வரை இருக்கும். நரம்புகள் மிதக்கும் நீர்ப்பை 0 முதல் 30 வரை. எலும்புக்கும் சதைக்கும் நடுவே ஆயிரம் எண் இடைவெளி இருக்க, டிஸ்க்குக்கும் நீர்ப்பைக்கும் நடுவே வெறும் ஐம்பது சொச்சம். அந்தச் சிறு இடைவெளியை உடல் பருமனால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும் இரைச்சல் எளிதாக விழுங்கிவிடும். இடுப்பெலும்பு இருபுறமும் மறைக்கும் எல்5–எஸ்1 மட்டத்தில் (எஸ்1 என்பது எல்5க்குக் கீழே உள்ள திரிக எலும்பின் முதல் பகுதி) இரைச்சல் இன்னும் அதிகம்.

ஆனாலும் அந்த மட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது: நீர்ப்பையைச் சுற்றிக் கொழுப்பு தாராளம். கறுப்பான கொழுப்புக்கு நடுவே சாம்பல் டிஸ்க் துருத்தினால் கண்ணில் படும். அதனால்தான் எல்4–எல்5, எல்5–எஸ்1 இரண்டிலும் பெரிய பிதுக்கங்களைச் சி.டி. ஓரளவு நம்பிக்கையாகப் பிடித்துவிடுகிறது. மேலே எல்1, எல்2 பக்கம் கொழுப்பு குறைவு, குழாயும் குறுகல். அங்கே தவறவிடும் வாய்ப்பு கூடும். ஒல்லியானவர்களுக்கும் அதே சிக்கல். நீர்ப்பைக்கு உள்ளே இருக்கும் நரம்பிழைகள், தண்டுவடத்தின் நுனி, உள்ளே வளரும் கட்டி, நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது எதுவும் சாதாரண சி.டி.க்குத் தெரியாது. ஒருமுறை டிஸ்க் அறுவை சிகிச்சை ஆனவருக்கு மறுபடி கால் குடைச்சல் வந்தால் அது தழும்பா, மீண்டும் பிதுங்கிய டிஸ்க்கா என்று பிரிக்கவும், ஊசியில் மருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.தான் சரி.

பேஸ்மேக்கர், காது கேட்பதற்காக உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் வைத்திருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. முடியாது என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். இப்போது வரும் பல பேஸ்மேக்கர்கள் நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ.யை அனுமதிப்பவை. கருவியோடு கொடுத்த அடையாள அட்டையை இதய மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உண்மையிலேயே முடியாதென்றால் சி.டி. மயலோகிராம் இருக்கிறது: இடுப்பில் மெல்லிய ஊசி வழியாக நீர்ப்பைக்குள் அயோடின் மருந்து செலுத்தி, பிறகு சி.டி. எடுப்பது. இப்போது நரம்பு வேர்கள் வெள்ளைத் திரவத்தில் கறுப்பு இழைகளாகத் தெரியும். வேர் எங்கே நசுங்குகிறது என்பது துல்லியமாகப் பிடிபடும். அதற்குத் தண்டுவட நீருக்குள் செலுத்த ஒப்புதல் பெற்ற, அயனியாகாத மருந்து மட்டுமே பயன்பட வேண்டும். வேறு வகை மருந்து மாறிப்போய் உள்ளே சென்றால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. மருந்துக் குப்பியை இருவர் படித்துச் சரிபார்க்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்துகொள்வது நல்லது. பிறகு தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைப்பார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்; சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும்.

மேசையில் நடப்பது

சாதாரண எல்.எஸ். ஸ்பைன் சி.டி.க்கு வெறும் வயிறு வேண்டியதில்லை, ஊசியும் இல்லை. தொற்று, கட்டி என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கான்ட்ராஸ்ட். அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், அலர்ஜி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்க வேண்டும். கேட்காமலேயே ‘கான்ட்ராஸ்டோட எடுத்தா நல்லா தெரியும்’ என்று கூடுதல் பில் போடும் இடத்தில், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். வெறும் டிஸ்க் கேள்விக்கு அந்த மருந்து தரும் பயன் சொற்பம். மருந்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று எடுத்தால் கதிரும் இரட்டிப்பு.

உடை மாற்றும் அறையில் நம்மூரில் மறந்துபோவது அரைஞாண் கொடி. வெள்ளிக் கொடி, கயிற்றில் கோத்த செம்புத் தாயத்து, இரும்புப் பட்டை வைத்த இடுப்பு பெல்ட், பாவாடைக் கொக்கி எல்லாம் சரியாக எல்4 மட்டத்தில் உட்கார்ந்து குறுக்குக் கோடு போட்டுவிடும். கழற்ற மனமில்லாதவர்கள் மார்புப் பக்கம் தூக்கி விட்டுக்கொண்டாலும் போதும். பெண்களிடம் கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா, கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்காத சென்டர் அந்த இடத்திலேயே மதிப்பெண் இழக்கிறது.

மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலுக்குக் கீழே முக்கோணத் தலையணை கொடுப்பார்கள். இடுப்பின் உள்வளைவு தட்டையாகி வலியும் குறையும், ஆடாமலும் படுத்திருக்க முடியும். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் கிடந்தால் முழங்கை எலும்பு கதிரைத் தின்று படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். தோள் தூக்க முடியாதவர் வயிற்றுக்கு மேலே மார்பில் மடித்து வைத்துக்கொள்ளலாம். மேசையின் உயரம் சரியாக இல்லாமல் உடல் வளையத்தின் நடுவிலிருந்து சில செ.மீ. விலகினாலும், தானாகக் கதிரைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு ஏமாந்துவிடும்: ஒன்று கதிர் தேவைக்கு மேல் போகும், இல்லையேல் படம் புள்ளி புள்ளியாக வரும். பக்கவாட்டு லேசர் கோடு உடலின் நடுவில் விழுகிறதா என்று டெக்னீஷியன் இறங்கி வந்து பார்ப்பது நல்ல சென்டருக்கு அடையாளம்.

முதலில் முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு முன்னோட்டப் படங்கள். பிறகு டி12 முதல் எஸ்1 முடிய ஒரே ஓட்டம்; நேரம் பத்து விநாடிக்குள். உள்ளே போய் வெளியே வர மொத்தம் பத்து நிமிடம். எம்.ஆர்.ஐ.யில் இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுக்க முடியாத அளவுக்கு வலி இருப்பவர்களுக்கும், மூடிய குழாய்க்குள் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். வளையத்தின் வாய் வழக்கமாக 70 செ.மீ. அகலம், அதுவும் திறந்த வளையம். அந்தப் பத்து விநாடியில் இருமினாலோ நகர்ந்தாலோ எலும்பு ஓரம் இரட்டையாக விழுந்து உடைப்பு மாதிரியே தோன்றும்.

விளம்பரப் பலகையில் ‘128 ஸ்லைஸ்’ (ஒரே சுற்றில் எடுக்கும் வெட்டுகளின் எண்ணிக்கை) என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அசையும் இதயத்துக்கு அந்த வேகம் வேண்டும்; அசையாமல் கிடக்கும் முதுகெலும்புக்கு 16 ஸ்லைஸ் மெஷினே போதும். வித்தியாசம் மெஷினில் இல்லை, எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் செய்யும் வேலையில் இருக்கிறது. ஒரே தரவிலிருந்து எலும்புக்குக் கூர்மையான ஒரு தொகுப்பும் சதைக்கு மென்மையான ஒரு தொகுப்பும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கூர்மையான தொகுப்பில் விரிசல் தெரியும், டிஸ்க் இரைச்சலில் மறையும். மென்மையானதில் டிஸ்க் தெரியும், மயிரிழை விரிசல் மங்கும். திரையில் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களின் வரம்பும் வேறு: எலும்பை 2000 அகலம், 400 மையத்தில் பார்க்கிறார்கள். டிஸ்க்கை 350 அகலம், 50 மையத்தில். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளிலிருந்து நெடுக்கு, பக்கவாட்டு, டிஸ்க்குக்கு இணையான குறுக்கு என மூன்று திசையிலும் 2 அல்லது 3 மி.மீ. படங்கள் வர வேண்டும்.

பழைய பழக்கம் ஒன்று இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. மெஷினைச் சாய்த்து எல்3–எல்4, எல்4–எல்5, எல்5–எஸ்1 என மூன்று டிஸ்க்குக்கு மட்டும் 3 முதல் 5 மி.மீ. தடிமனில் சில வெட்டுகள். ஒரு டிஸ்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது படத்திலேயே வராது. பின்வளைவு விரிசல் இருப்பது அந்த இடைவெளியில். டிஸ்க்கிலிருந்து அறுந்து மேலோ கீழோ இறங்கிய துண்டு கிடப்பதும் அங்கேதான். பக்கவாட்டு வெட்டுப் படம் ஒன்றுகூட ஃபிலிமில் இல்லையென்றால் இந்த முறையில்தான் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கொடுத்த காசில் பாதிக்குத்தான் வேலை நடந்திருக்கிறது.

எவ்வளவு நன்றாக எடுத்தாலும் படுத்த நிலையில் எடுத்த படம் படுத்த நிலையைத்தான் காட்டும். நிற்கும்போது முன்னால் நழுவும் எலும்பு, படுத்ததும் தன் இடத்துக்கே திரும்பிவிடலாம். நழுவல் சந்தேகம் என்றால் நின்றபடி, குனிந்து, நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்-ரேதான் உதவும், சி.டி.யின் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

கதிர்க் கணக்கு

இடுப்பு முதுகெலும்பு சி.டி. ஒன்றுக்கு வழக்கமாக 5 முதல் 10 மில்லிசீவர்ட் (உடலுக்கு வந்து சேரும் கதிரின் அலகு). அதே இடத்து எக்ஸ்-ரே சுமார் 1.5. மண்ணிலும் விண்ணிலுமிருந்து மனிதருக்கு வருடத்துக்கு வந்து சேரும் இயற்கைக் கதிர் உலகச் சராசரியில் 2.4. ஒருமுறைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ‘தேய்மானம் எவ்வளவு ஆகியிருக்குன்னு பார்ப்போம்’ என்று வருடா வருடம் எடுப்பதற்குத்தான் நியாயமில்லை. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கணக்கே கிடையாது.

உங்களுக்கு விழுந்த அளவை நீங்களே கணக்கிடலாம். ஸ்கேன் முடிந்ததும் மெஷின் ஒரு அளவுப் பக்கம் தயாரிக்கும்; அதில் டி.எல்.பி. என்று, ஸ்கேன் முழுவதற்குமான கதிர் அளவைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். அதை 0.015ஆல் பெருக்கினால் பெரியவர்களுக்குத் தோராயமான மில்லிசீவர்ட். 500 என்று இருந்தால் 7.5. ஆயிரத்தைத் தாண்டினால் காரணம் கேட்கலாம்: உடல் பருமனா, ஸ்க்ரூவா, இரண்டு முறை எடுத்தார்களா, அல்லது டி12இல் தொடங்க வேண்டியதை நெஞ்சுப் பாதியிலிருந்து தொடங்கினார்களா? இந்தக் கடைசிக் காரணம் வெறும் அசட்டை. சி.டி. மெஷின் ஓட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கேட்டால் காட்ட முடியாத இடத்தில் படுக்காதீர்கள்.

உறைக்குள் வருவது

ரிப்போர்ட்டின் தரத்தைப் பாதி தீர்மானிப்பது நீங்கள் கொண்டுபோகும் சீட்டு. ‘எல்.பி.ஏ., ? ஐ.வி.டி.பி.’ (இடுப்பு வலி, டிஸ்க் பிதுங்கியதோ) என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு ‘எல்4–எல்5, எல்5–எஸ்1 டிஸ்க் பல்ஜ்’ (டிஸ்க் பரவலாகப் புடைத்திருக்கிறது) என்ற அச்சுப்பிரதிதான் பதிலாக வரும். ‘வலக்கால் பெருவிரல் தூக்க முடியவில்லை, மூன்று வாரம்’ என்று எழுதியிருந்தால் படிக்கும் மருத்துவர் நேராக வலப்பக்க எல்5 வேரைத் தேடுவார். எல்4–எல்5 டிஸ்க் நடுவிலிருந்து சற்று ஓரமாகப் பிதுங்கினால் பிடிபடுவது எல்5 வேர். அதே டிஸ்க் வெகு ஓரத்தில், நரம்பு வெளியேறும் துவாரத்துக்குள் பிதுங்கினால் பிடிபடுவது எல்4. பெருவிரல் பலம் எல்5, கணுக்கால் பின்புறத்தைத் தட்டினால் துள்ளும் அனிச்சையும் சுண்டுவிரல் பக்க மரப்பும் எஸ்1, முழங்காலில் தட்டினால் துள்ளுவது எல்4. ரிப்போர்ட்டில் பக்கமும் வேரும் எழுதாமல் ‘தீகல் சாக் இன்டென்டேஷன்’ (நீர்ப்பை அழுந்தியிருக்கிறது) என்று மட்டும் இருந்தால் அதைக்கொண்டு ஒரு மருத்துவரும் முடிவெடுக்க முடியாது.

‘பல்ஜ்’ என்ற சொல்லைப் பார்த்து வேலையை விட்டவர்கள் உண்டு. வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்தது. ஜவ்வு விலகியிருக்கிறது என்று படம் சொன்னால் போதாது. விலகிய பக்கமும் வலிக்கும் பக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைப் பிழை இன்னொன்று. சிலருக்கு எல்5 கீழே உள்ள திரிக எலும்போடு ஒட்டியிருக்கும், சிலருக்கு எஸ்1 பிரிந்து ஆறாவது இடுப்பு முதுகெலும்பு போல நிற்கும். கீழிருந்து எண்ணியவர் எல்4–எல்5 என்பதை, மேலே கடைசி விலா எலும்பிலிருந்து எண்ணியவர் எல்3–எல்4 என்பார். எப்படி எண்ணினோம் என்று ரிப்போர்ட் ஒரு வரி சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை தவறான மட்டத்தில் நடப்பதற்கு இந்த ஒரு வரி விடுபட்டதும் காரணமாகிறது.

நல்ல ரிப்போர்ட் ஓரத்தில் கிடப்பதையும் பார்த்திருக்கும்: சிறுநீரகக் கல், வீங்கிய பெருந்தமனி, இடுப்பு மூட்டு அழற்சி. மூன்றும் முதுகு வலி வேஷத்தில் வருபவை. இலவசமாக இன்னொன்றும் கிடைக்கும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் 120 கிலோவோல்ட்டில் எடுத்த படத்தில் எல்1 எலும்பின் உட்பகுதியில் ஒரு வட்டம் போட்டு எண்ணைப் பார்த்தால் எலும்பு வலு தெரியும். 160க்கு மேல் என்றால் எலும்பு மெலிவுக்கு வாய்ப்பு குறைவு. 110 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனைக்குப் போவது நல்லது. ஐம்பதைத் தாண்டிய பெண்களின் ரிப்போர்ட்டில் இந்த எண் வருவது அபூர்வம், கேட்டால் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள்.

விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். தொலைபேசியில் மூன்று இடம் கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு. கூட்டமும் காத்திருப்பும் அதற்கேற்ப இருக்கும். அவசரமில்லாத ஸ்க்ரூ பரிசோதனை, குறுகல் அளவு போன்றவற்றுக்கு அங்கே போவதில் குறையொன்றும் இல்லை.

எங்கே எடுத்தாலும் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஃபிலிமில் இருப்பது டெக்னீஷியன் பொறுக்கிய சில படங்கள். மெல்லிய வெட்டுகள் அனைத்தும், மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பான டைகாம் வடிவில் டிவிடியிலோ பென் டிரைவிலோ வேண்டும் என்று பணம் கட்டும்போதே சொல்லுங்கள். அது கையில் இருந்தால் எந்த மருத்துவரும் தன் கம்ப்யூட்டரில் எந்தத் திசையிலும் திருப்பிப் பார்க்கலாம், மறுபடி கதிர் வாங்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ கோடுகள் படத்தைக் கெடுத்துவிட்டன, அல்லது எலும்புத் தொகுப்பு செய்யவே இல்லை என்று மருத்துவர் சொன்னால் உடனே சென்டருக்குப் போன் செய்யுங்கள். மூலத் தரவு மெஷினில் சில நாள்தான் தங்கும். இடம் நிறைந்ததும் அழிந்துவிடும். அதற்குள் கேட்டால் புதிதாகப் படுக்க வைக்காமலேயே வேறு முறையில் படம் செய்து தர முடியும்.